உபுண்டு மெய்நிகர் சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் இடைமுகம்: கார்டை இணைப்பது முதல் வழித்தடம் வகுப்பது வரை

மெய்நிகர் சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. எந்தப் பாக்கெட் (வலையில் செல்லும் தரவுத் துண்டு) எந்தக் கார்டு வழியாக வெளியே போக வேண்டும் என்பதைச் சர்வருக்குத் தெளிவாகச் சொல்லிவைப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அவற்றை நம்பிச் செய்பவர்களுக்கு முகவரி வந்துவிடும், எதிர் இயந்திரம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கூடப் போகும். ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு மட்டும் காரணம் தெரியாமல் தொங்கும். எனவே இந்த வழிகாட்டியில் இரண்டாம் பாதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். லினக்ஸின் மெய்நிகராக்க அமைப்பான கேவிஎம் மீது ஓடும் உபுண்டு 24.04 சர்வர். முதல் கார்டின் பெயர் இஎன்எஸ்3, பொது முகவரி 203.0.113.10, கேட்வே (வெளி வலைகளுக்கு வழிவிடும் ரவுட்டர்) 203.0.113.1. புதிதாக வரப்போகும் இஎன்எஸ்7 கார்டு, தரவுத்தளச் சர்வர்கள் இருக்கும் 10.20.0.0/24 என்ற தனியார் வலையில் சேர வேண்டும். நம் முகவரி 10.20.0.5. இங்கே வரும் பொது முகவரிகள் ஆவண எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கிவைத்தவை, அவற்றின் இடத்தில் உங்களுடையவற்றை இடுங்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும். ‘ரவுட்’ என்று வருமிடமெல்லாம் வழித்தடம், ‘ரூட்’ என்றால் நிர்வாகப் பயனர்.

தொடங்கும் முன்

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருந்துகொண்டு நெட்வொர்க்கை மாற்றுகிறீர்கள். தவறு நேர்ந்தால் அறுபடுவது நீங்கள் பிடித்திருக்கும் அதே இணைப்புதான். ஆகவே முதலில், சர்வரின் நெட்வொர்க்கைச் சாராத கன்சோல் வழியைச் சோதித்துப் பாருங்கள். கேவிஎம் என்றால் ஹோஸ்டில் (மெய்நிகர் சர்வரைத் தாங்கும் இயந்திரம்) ‘விர்ஷ் கன்சோல்’ அல்லது விஎன்சி தொலைத்திரை, மேகச் சேவை என்றால் அவர்களுடைய வலைப் பக்கத்தில் உள்ள கன்சோல். திரை திறக்கிறது என்பதோடு விடாதீர்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மேகச் சேவைகள் தரும் உபுண்டுவில் பெரும்பாலும் சாவி வழி நுழைவுதான் இருக்கும், கடவுச்சொல்லே வைக்கப்பட்டிருக்காது. அவசர நேரத்தில் கன்சோல் திறந்தும் பயனில்லாமல் போகும்.

அடுத்து, ‘ஐபி அட்ரஸ்’, ‘ஐபி ரவுட்’, ‘ஐபி ரூல்’ ஆகிய மூன்று கட்டளைகளின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். நெட்வொர்க் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ‘/இடிசி/நெட்பிளான்’ அடைவை அப்படியே வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். மாற்றத்துக்கு முன் எப்படி இருந்தது என்று பிறகு யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முகவரித் திட்டத்தையும் இப்போதே சரிபாருங்கள். தனியார் வலைக்கு ஆர்எஃப்சி 1918 மூன்று வரம்புகளைத் தருகிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றில் ஏற்கெனவே சர்வருக்குள் குடியிருப்பவை உண்டு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) 172.17.0.0/16 வலையை எடுத்துக்கொள்கிறது, மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் இயல்பான வலை 192.168.122.0/24. உங்கள் தனியார் வலை இவற்றோடு மேற்படிந்தால், பாக்கெட் கார்டுக்குப் போகாமல் உள்ளேயே இருக்கும் பிரிட்ஜுக்குப் போய்விடும்.

இன்னொன்று. வேகம் கூடும் என்று எண்ணி ஒரே வலையில் இரண்டு கார்டுகளை வைக்காதீர்கள். லினக்ஸ் முகவரியைக் கார்டின் உடைமையாகக் கருதுவதில்லை, முழுச் சர்வரின் உடைமையாகவே கருதுகிறது. ஒரே வலையில் இரண்டு கார்டுகள் இருந்தால், ஒரு கார்டின் முகவரி யாருடையது என்று கேட்டு வரும் ஏஆர்பி கேள்விக்கு மற்றக் கார்டும் பதில் சொல்லும். எதிர்ப்பக்க இயந்திரம் எந்த மேக் எண்ணைப் (கார்டின் வன்பொருள் முகவரி) பிடித்துக்கொள்ளும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. ‘ஏஆர்பி இக்னோர்’ அமைப்பை 1 என்றும், ‘ஏஆர்பி அனவுன்ஸ்’ அமைப்பை 2 என்றும் வைத்து இதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் கூடுதல் முகவரி மட்டும்தான் தேவை என்றால் இருக்கும் கார்டிலேயே அதைச் சேர்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

கார்டை இணைத்தல்

கேவிஎம் ஹோஸ்டில் ‘விர்ஷ் அட்டாச்-இன்டர்ஃபேஸ்’ கட்டளையில் இயந்திரத்தின் பெயர், வகை ‘பிரிட்ஜ்’, பிரிட்ஜின் பெயர், மாடல் ‘விர்டியோ’ ஆகியவற்றைக் கொடுத்து, கடைசியில் ‘--லைவ்’, ‘--கான்ஃபிக்’ இரண்டையும் சேருங்கள். ‘லைவ்’ மட்டும் கொடுத்தால் கார்டு உடனே வரும், ஆனால் இயந்திரத்தை அணைத்து மீண்டும் ஏற்றும்போது இருக்காது. ‘கான்ஃபிக்’ மட்டும் கொடுத்தால் அடுத்த முறை அணைத்து ஏற்றிய பிறகே வரும். மாடலைச் சொல்லத் தவறாதீர்கள். விர்டியோ மெய்நிகராக்கத்துக்கென்றே எழுதப்பட்ட டிரைவர், பழைய கார்டுகளைப் போலிசெய்யும் மாடல்களைவிடச் செயலிச் சுமை மிகக் குறைவு. பின்னர் ‘விர்ஷ் டொம்இஃப்லிஸ்ட்’ கொடுத்து, புதிய கார்டின் மேக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேகச் சேவைகளில் இதே வேலை வலைப் பக்கத்தில் நடக்கிறது, விதிகள்தான் இடத்துக்கு இடம் மாறும். அமேசான் ஈசி2வில் கார்டும் இயந்திரமும் ஒரே கிடைப்பு மண்டலத்தில் இருக்க வேண்டும், எத்தனை கார்டுகள் வைக்கலாம் என்பது இயந்திர வகையைப் பொறுத்தது. ஒவ்வொரு துணைவலையிலும் முதல் நான்கு முகவரிகளும் கடைசி முகவரியும் அமேசானுக்கு உரியவை, அவற்றைக் கேட்டால் கிடைக்காது. அங்கே கவனிக்க வேண்டிய பெரிய கண்ணி வேறு: தானாக வழங்கப்பட்ட பொது முகவரியோடு ஓடும் இயந்திரத்தில் இரண்டாவது கார்டைச் சேர்த்து, பின்னர் நிறுத்தித் தொடங்கினால் அந்த முகவரி போய்விடும், புதியதும் வராது. நிலையான எலாஸ்டிக் முகவரியை முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஷூரிலோ, இயந்திரத்தை நிறுத்தி ஒதுக்கீட்டை விடுவித்த பிறகே கார்டைச் சேர்க்க முடியும்.

சர்வருக்குள் எது எந்தக் கார்டு?

‘ஐபி -பிஆர் லிங்க்’ கொடுத்தால் ஒவ்வொரு கார்டும் ஒரு வரியாக, மேக் எண்ணோடு வரும். பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள், மேக் எண்ணை ஒப்பிட்டே முடிவெடுங்கள். இஎன்எஸ்7 போன்ற பெயர்களில் உள்ள எண், கார்டு செருகப்பட்ட மெய்நிகர் இடத்தைக் குறிக்கிறது. இரண்டாவது கார்டு என்பதால் பெயரில் 4 வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மேக் எண்ணின் முதல் மூன்று பகுதிகளும் உதவும்: 52:54:00 என்று தொடங்கினால் கேவிஎம், 00:50:56 என்றால் விஎம்வேர், 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ்.

கோப்பில் எழுதுவதற்கு முன், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் தற்காலிக அமைப்பால் சோதியுங்கள். ‘ஐபி லிங்க் செட் இஎன்எஸ்7 அப்’ கொடுத்துக் கார்டை எழுப்பி, ‘ஐபி அட்ரஸ் ஆட் 10.20.0.5/24 டெவ் இஎன்எஸ்7’ கொடுங்கள். முடிவிலுள்ள /24 விடுபட்டால் லினக்ஸ் அதை /32 என்று எடுத்துக்கொள்ளும், பக்கத்து இயந்திரங்களுக்கு வழித்தடமே உருவாகாது. பிறகு அதே வலையில் உள்ள ஓர் இயந்திரத்துக்கு ‘பிங் -ஐ இஎன்எஸ்7’ (ஐ பெரிய எழுத்து) என்று கார்டைக் குறிப்பிட்டுப் பிங் செய்யுங்கள். பதில் வராவிட்டால் ‘ஐபி நெய்பர்’ பாருங்கள். எதிர் இயந்திரத்துக்கு நேராக ‘ஃபெயில்ட்’ அல்லது ‘இன்கம்ப்ளீட்’ என்று இருந்தால் கோளாறு இந்தச் சர்வரின் வழித்தடங்களில் இல்லை. கார்டு தவறான பிரிட்ஜில் மாட்டப்பட்டிருக்கலாம், விஎல்ஏஎன் (ஒரே வலையைப் பிரிக்கும் மெய்நிகர் வலை) எண் பொருந்தாமல் இருக்கலாம். இந்த நிலையில் நெட்பிளான் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

நிலையான அமைப்பு

உபுண்டுவில் இது நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவியின் பொறுப்பு. ‘/இடிசி/நெட்பிளான்’ அடைவில் ஏற்கெனவே ‘50-கிளவுட்-இனிட்.யாமல்’ என்ற கோப்பு இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதை எழுதுவது, முதல் ஏற்றத்தில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட், அது மீண்டும் எழுதும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். நெட்பிளான் அடைவிலுள்ள கோப்புகளைப் பெயர் வரிசையில் படித்து ஒன்றாக இணைக்கிறது. ஆகவே ‘60-தனியார்.யாமல்’ போல, 50ஐவிடப் பெரிய எண்ணில் தொடங்கும் புதிய கோப்பு ஒன்றை ஆங்கிலப் பெயரில் உருவாக்குங்கள். அதன் உள்ளடக்கம் இப்படி இருக்க வேண்டும்:

நெட்வொர்க்:
  வெர்ஷன்: 2
  ஈதர்நெட்ஸ்:
    இஎன்எஸ்7:
      மேட்ச்:
        மேக்அட்ரஸ்: "52:54:00:12:34:57"
      செட்-நேம்: இஎன்எஸ்7
      டிஎச்சிபி4: ஃபால்ஸ்
      அக்செப்ட்-ஆர்ஏ: ஃபால்ஸ்
      அட்ரசஸ்:
        - 10.20.0.5/24

உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டுமே, டேப் கூடாது. மேக் எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி இட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: யாமல் 1.1 விதிப்படி, முழுக்க எண்களாலான இத்தகைய வரியை அறுபதை அடியாகக் கொண்ட ஓர் எண்ணாகவும் படிக்க இடமிருக்கிறது. ‘மேட்ச்’ பகுதி, பெயர் எதுவாக வந்தாலும் சரியான கார்டையே பிடிக்கும். ‘அக்செப்ட்-ஆர்ஏ’வை அணைத்தது, தனியார் வலையில் யாரேனும் அனுப்பும் ஐபிவி6 அறிவிப்பால் புதிய கேட்வே முளைக்காமல் தடுக்க. கோப்பின் உரிமையை 600 ஆக்குங்கள், இல்லையென்றால் மற்றவர்களும் படிக்கும்படி இருக்கிறது என்று நெட்பிளான் எச்சரிக்கும்.

இந்தக் கோப்பில் கேட்வே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது விடுபட்டதல்ல. சர்வருக்கு இயல்பான கேட்வே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது ஏற்கெனவே இஎன்எஸ்3இல் இருக்கிறது. தனியார் கார்டுக்கும் ஒன்றைக் கொடுத்தால், மெட்ரிக் (வழித்தடத்தின் முன்னுரிமை எண்) குறைவாக உள்ளது வெல்லும். அது தனியார் கார்டாக இருந்தால் உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பு அந்த நொடியே செத்துவிடும். தனியார் ரவுட்டருக்கு அப்பால் வேறு வலைகள் இருந்தால், அவற்றுக்கு மட்டும் தனி வழித்தடம் எழுதுங்கள்: ‘ரவுட்ஸ்’ பகுதியில் ‘டு: 10.30.0.0/16’, ‘வயா: 10.20.0.1’. பழைய குறிப்புகளில் வரும் ‘கேட்வே4’ என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது, அதைப் பயன்படுத்த வேண்டாம்.

தனியார் வலை, முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வழியாகவே முகவரி தருகிறது என்றால் ‘டிஎச்சிபி4: ட்ரூ’ என்று வைத்து, ‘டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ்’ என்பதன் கீழ் ‘யூஸ்-ரவுட்ஸ்: ஃபால்ஸ்’, ‘யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ்’ இரண்டையும் சேருங்கள். முகவரி வரும், கேட்வேயும் பெயர்ச் சேவையும் வராது.

எழுதிய பின் ‘நெட்பிளான் ஜெனரேட்’ கொடுத்து எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ‘நெட்பிளான் ட்ரை’ கொடுங்கள். ‘அப்ளை’ வேண்டாம். ‘ட்ரை’ 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் நீங்கள் என்டர் அழுத்தவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அந்த நேரத்துக்குள் இன்னொரு டெர்மினலில் புதிதாக எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு உயிரோடு இருப்பது மட்டும் போதிய சான்றாகாது.

ரெட்ஹாட் குடும்பத்தில் இதே வேலையை ‘என்எம்சிஎல்ஐ’ செய்கிறது. இணைப்பை ‘மேனுவல்’ முறையில் உருவாக்கி, முகவரி கொடுத்து, ‘ஐபிவி4.நெவர்-டிஃபால்ட்’ என்பதை ‘யெஸ்’ ஆக்கினால் அந்தக் கார்டு ஒருபோதும் இயல்பான கேட்வே ஆகாது.

இரண்டாவது கார்டிலும் பொது முகவரி இருந்தால்

பலர் தடுக்கி விழும் இடம் இது. இஎன்எஸ்7 தனியார் வலையில் இல்லாமல், 198.51.100.20 என்ற பொது முகவரியோடும் 198.51.100.1 என்ற கேட்வேயோடும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒருவர் அந்த முகவரிக்கு இணைக்கிறார். பாக்கெட் இஎன்எஸ்7 வழியாக உள்ளே வருகிறது. பதில் அனுப்ப வேண்டிய நேரத்தில் லினக்ஸ், பதில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று மட்டுமே பார்க்கிறது, கேள்வி எந்தக் கார்டில் வந்தது என்று பார்ப்பதில்லை. எனவே பதில் இயல்பான கேட்வே இருக்கும் இஎன்எஸ்3 வழியாக, 198.51.100.20 என்ற அனுப்புநர் முகவரியோடு வெளியேறுகிறது. அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு இது தன் வலையைச் சேராத முகவரி, போலி என்று எறிந்துவிடும். முகவரி மோசடியைத் தடுக்க 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2827 பரிந்துரைத்த நடைமுறைதான் அது, அவர்கள் செய்வது சரியே. மாற வேண்டியது நம் சர்வர்.

தீர்வு, அனுப்புநர் முகவரியைப் பார்த்து வழித்தட அட்டவணையைத் தேர்ந்தெடுக்கச் செய்வது. லினக்ஸில் வழித்தட அட்டவணை ஒன்று மட்டுமல்ல. வழக்கமாக நாம் பார்க்கும் ‘மெயின்’ அட்டவணையின் எண் 254. 255 ‘லோக்கல்’, 253 ‘டிஃபால்ட்’. இவற்றைத் தவிர்த்து நமக்கென 100 என்ற எண்ணில் ஓர் அட்டவணை வைத்துக்கொள்வோம். கோப்பில் மேட்ச் பகுதியும் மற்றவையும் முன்போலவே இருக்க, முகவரியும் அதற்குக் கீழேயும் இப்படி மாறும்:

      அட்ரசஸ்:
        - 198.51.100.20/24
      ரவுட்ஸ்:
        - டு: டிஃபால்ட்
          வயா: 198.51.100.1
          டேபிள்: 100
        - டு: 198.51.100.0/24
          ஸ்கோப்: லிங்க்
          டேபிள்: 100
      ரவுட்டிங்-பாலிசி:
        - ஃப்ரம்: 198.51.100.20
          டேபிள்: 100
          ப்ரயாரிட்டி: 100

198.51.100.20 என்ற முகவரியிலிருந்து புறப்படும் பாக்கெட் எதுவானாலும் 100ஆம் அட்டவணையைப் பார்க்கும், அங்கே அதற்குரிய கேட்வே இருக்கிறது. மற்றவை மெயின் அட்டவணையின்படி இஎன்எஸ்3 வழியாகவே போகும். முன்வாசலில் கூப்பிட்டவருக்கு முன்வாசலிலேயே பதில் கிடைக்கும்படி செய்வதற்குச் சமம் இது. இரண்டாவது வழித்தடத்தை விட்டுவிட்டாலும் வேலை நடப்பதுபோலவே தெரியும். ஆனால் அதே வலையில் பக்கத்தில் இருக்கும் இயந்திரத்துக்குப் போகும் பதிலும் தேவையில்லாமல் கேட்வேயைச் சுற்றிப் போகும், சில கேட்வேகள் அதை அனுமதிப்பதுமில்லை.

சில மேகச் சேவைகளின் உபுண்டுவில் இத்தகைய விதிகளைக் கிளவுட்-இனிட்டே எழுதிவைப்பதுண்டு. ஆகவே முதலில் ‘ஐபி ரூல்’ பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

சரிபார்க்க ‘ஐபி ரவுட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 198.51.100.20’ கொடுங்கள். பதிலில் இஎன்எஸ்7, 198.51.100.1, டேபிள் 100 மூன்றும் வர வேண்டும். ‘ஃப்ரம்’ இல்லாமல் அதே கட்டளையைக் கொடுத்தால் இஎன்எஸ்3 வர வேண்டும். ஒரு பாக்கெட்டைக்கூட அனுப்பாமல் கெர்னலின் முடிவைக் காட்டும் இந்தக் கட்டளையை நான் பிங்கைவிட அதிகம் நம்புகிறேன்.

அப்போதும் இணைப்பு வராவிட்டால்

வெளியிலிருந்து இணைக்க முயன்றுகொண்டே, சர்வரில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ‘டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 443’ ஓடவிடுங்கள். மூன்று காட்சிகளில் ஒன்று தெரியும்.

எதுவுமே வரவில்லை என்றால் சிக்கல் சர்வருக்கு வெளியே: மேகச் சேவையின் பாதுகாப்புக் குழு, பிரிட்ஜ், கேட்வே ஆகியவற்றைப் பாருங்கள். கேள்வி இஎன்எஸ்7இல் வந்து பதில் இஎன்எஸ்3இல் போனால் மேலே எழுதிய விதி செயல்படவில்லை, ‘ஐபி ரூல்’ வெளியீட்டில் 100ஆம் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி வருகிறது, பதிலே கிளம்பவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சர்வரின் சொந்த ஃபயர்வால். இரண்டாவது, கெர்னலின் ‘ஆர்பி ஃபில்டர்’ சோதனை. அதன் மதிப்பு 1 என்றால் கண்டிப்பு முறை: பதில் அனுப்புவதானால் எந்தக் கார்டு வழியாகப் போகுமோ அதே கார்டில் வராத பாக்கெட்டைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். 2 என்றால் தளர்வு முறை: ஏதேனும் ஒரு கார்டு வழியாக அந்த முகவரியை எட்ட முடிந்தால் போதும். ‘ஆல்’ என்பதன் கீழும் அந்தக் கார்டின் பெயரின் கீழும் உள்ள இரண்டு மதிப்புகளில் பெரியதே நடைமுறைக்கு வரும், எனவே இரண்டையும் ‘சிஸ்சிடிஎல்’ கொண்டு பாருங்கள்.

இதை உடனே 0 ஆக்கி அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுப்புநர் முகவரி விதி சரியாக இருந்தால் கண்டிப்பு முறையிலும் பாக்கெட் தேறிவிடும். கெர்னல் இந்தச் சோதனையைச் செய்யும்போது திரும்பும் பயணத்தையே கணக்கிடுகிறது, அந்தக் கணக்கில் நம் விதியும் பொருந்துகிறது. ஆகவே கண்டிப்பு முறையில் தோற்கிறது என்றால் விதியில்தான் பிழை. ‘லாக் மார்ஷியன்ஸ்’ அமைப்பைத் தற்காலிகமாக 1 ஆக்கினால் எறியப்படும் பாக்கெட்டுகள் கெர்னல் பதிவில் தெரியவரும்.

சிறிய வினவல்கள் உடனே முடிகின்றன, பெரிய விடை வரும்போது மட்டும் இணைப்பு உறைந்துவிடுகிறது என்றால் எம்டியுவைச் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சந்தேகியுங்கள். ஈதர்நெட்டின் வழக்கமான அளவு 1500. ஆனால் மேல்மூடி போட்டு அனுப்பும் மெய்நிகர் வலைகளில் அது குறையும், 1450 பரவலாகக் காணப்படும் அளவு, கூகுள் கிளவுடில் இயல்பான அளவு 1460. ‘பிங் -எம் டூ -எஸ் 1472’ (எம் மட்டும் பெரிய எழுத்து) என்று எதிர் இயந்திரத்துக்கு அனுப்புங்கள், 28 பைட் தலைப்போடு சேர்ந்து 1500 ஆகிறது. இது தோற்று, 1422 போய்ச் சேர்ந்தால் 1450ஐ நெட்பிளான் கோப்பில் ‘எம்டியு’ வரியாக எழுதுங்கள்.

சேவையைச் சரியான கார்டில் கட்டுதல்

தனியார் கார்டு வந்துவிட்டது என்பதாலேயே தரவுத்தளம் அதற்குள் ஒதுங்கிவிடாது. ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ கொடுத்து, எந்தச் சேவை எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் பொது முகவரியிலும் கதவு திறந்திருக்கிறது. எதிர்முனையில் உள்ள தரவுத்தளச் சர்வரிலும் இதே முறையில் தனியார் கார்டைச் சேர்த்து, 10.20.0.6 கொடுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாகத் தன் இயந்திரத்துக்குள் மட்டுமே கேட்கும். ‘லிசன் அட்ரசஸ்’ வரியில் லோக்கல்ஹோஸ்டோடு 10.20.0.6ஐச் சேர்த்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும், வெறும் ரீலோட் போதாது. அனுமதிக் கோப்பான ‘பிஜி எச்பிஏ’வில் 10.20.0.5/32க்கு மட்டும் இடம் கொடுங்கள். ஃபயர்வாலிலும் கார்டைக் குறிப்பிட்டே விதி எழுதுங்கள்: ‘யுஎஃப்டபிள்யு அலவ் இன் ஆன் இஎன்எஸ்7 ஃப்ரம் 10.20.0.5 டு எனி போர்ட் 5432 ப்ரோட்டோ டிசிபி’. கார்டின் பெயர் அந்தச் சர்வரில் என்னவோ அதை இடுங்கள்.

இங்கே நுணுக்கமான முரண்பாடு ஒன்று இருக்கிறது. கார்டு தயாராகாவிட்டால் சர்வர் ஏறும்போது 120 விநாடி வரை காத்துக் கிடக்கும், அதைத் தவிர்க்க நெட்பிளான் கோப்பில் ‘ஆப்ஷனல்: ட்ரூ’ சேருங்கள் என்று பல இடங்களில் அறிவுரை காண்பீர்கள். வலைச் சர்வருக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தரவுத்தளச் சர்வரில் அப்படிச் செய்தால், கார்டு எழும் முன்பே போஸ்ட்கிரெஸ் தொடங்கிவிட வாய்ப்பு உண்டு. 10.20.0.6 என்ற முகவரி அப்போது இருக்காது. லோக்கல்ஹோஸ்ட் கிடைத்துவிட்டதால், பதிவில் எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு அது தன் வேலையைத் தொடரும். சேவை ஓடுகிறது என்று, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பச்சையாகக் காட்டும், வலைச் சர்வரால் மட்டும் இணைய முடியாது. ஒரு சேவை குறிப்பிட்ட கார்டின் முகவரியைப் பற்றிக்கொண்டிருந்தால், அந்தக் கார்டை ஆப்ஷனல் ஆக்க வேண்டாம்.

கடைசியாக, மறுதொடக்கம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். என்ன மாற்றினீர்கள் என்பது நினைவில் இருக்கும்போதே, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். ஹோஸ்ட் உங்களுடையது என்றால் மறுதொடக்கத்தோடு நிற்காமல், இயந்திரத்தை முழுமையாக அணைத்து ஏற்றுங்கள். ‘--கான்ஃபிக்’ விடுபட்டிருந்தால் அப்போதுதான் தெரியும். ஏறியதும் ‘ஐபி அட்ரஸ்’, ‘ஐபி ரவுட்’, ‘ஐபி ரூல்’ மூன்றையும் மீண்டும் எடுத்து, தொடக்கத்தில் சேமித்த கோப்போடு ‘டிஃப்’ கொண்டு ஒப்பிடுங்கள். கூடுதலாக வந்திருக்க வேண்டியவை புதிய கார்டு, அதன் முகவரி, அதற்குரிய வழித்தடம், பொது முகவரி என்றால் ஒரு விதி ஆகியவை மட்டுமே. ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் இரண்டாவது வரி மெயின் அட்டவணையில் தென்பட்டால், ‘நெட்பிளான் கெட்’ கொடுத்து இணைந்த அமைப்பைப் பார்த்து, அதைக் கொண்டுவரும் வரியை அடைவிலுள்ள கோப்புகளில் தேடி நீக்குங்கள். அதன்பிறகே பயனர்களின் போக்குவரத்தைப் புதிய கார்டுக்குத் திருப்புங்கள்.